நெரிந்த செங்கோல்

சிலுவைச் சாவுக்குத் தீர்ப்பிடப்பட்ட அந்த அரசருக்கு வீரர்கள் முள்ளை முடியாகச் சூட்டி, நாணலைச் செங்கோலாகக் கொடுத்துக் கேலியாக வணங்கினார்கள். பிறகு நாணலைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்தார்கள். நெரிந்துபோன நாணலை அவர் நடக்கவேண்டிய வழியில், அவர் எதிரே எறிந்தார்கள்.

"அரசரையே அடித்த செங்கோல் எந்தச் சரித்திரத்திலும் இல்லையடா," என்றது அரசர் தலையிலிருந்த முள்முடி.

"நீ மட்டும் பூமாலையாக்கும்!" என்றது நாணல்.

"இல்லைதான். இவர் அரியணை ஏறினால் முதலில் எரியப்போவது நாம் இருவரும்."

அரசர் சிலுவையைச் சுமந்து தள்ளாடி வந்தார். 'மிதிக்கட்டும், அதுதான் நியாயம்' என்று நாணல் காத்துக் கிடந்தது.

அவர் தயங்கி நின்றார். நின்றதற்குச் சாட்டையடி விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு, நாணலின் மேல் கால் படாமல் விலகி நடந்தார்.

கொல்லப்படப் போகிறவரின் முதுகைப் பார்த்து நாணல் கதறியது: "ஐயா, மிதித்திருக்கலாமே!"