ஏலக் கொட்டகைக் கடிதம்

கை உடைந்தது என்று எழுதச் சொன்னார்கள்.

மீன் ஏலக் கொட்டகை. மத்தியானம். ஊர்க் கமிட்டி ஏழு பேரும் பிளாஸ்டிக் சேரில். அக்கா ஜெபமாலை ஐஸ் பெட்டி மேலே, இடது கையில் மாவுக்கட்டோடு. அவள் புருஷன் ஆன்டோ தூணில் சாய்ந்துகொண்டு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் சண்டை ஸ்டேஷனுக்குப் போகாது. கமிட்டி உட்காரும், கடிதம் எழுதும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தாள் ஊர்ப் பெட்டிக்கு, கார்பன் தாள் பெண் வீட்டுக்கு. கையெழுத்து விழுந்தால் அன்றைக்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

எப்போதும் எழுதுகிற கோயில் உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன். ஊரில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான், அதுவும் பி.ஏ. தமிழ். பெண் வீட்டு ஆளே எழுதிவிட்டால் பிறகு பேச்சு வராது என்று தலைவர் பெஞ்சமின் மாமா என் கையில் பேனாவைக் கொடுத்தார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குடும்பத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டது. கை பட்டது. ஜெபமாலை விழுந்தாள். கை உடைந்தது. கரு கலைந்தது.

மூன்று வருஷம் காலேஜில் படித்தது இதைத்தான். யாரை, எதை என்று கேட்டால் பதில் வராத வினை, செயப்படுபொருள் குன்றிய வினை. விழுந்தாள். யாரை? பதில் இல்லை. உடைந்தது. எதை? பதில் இல்லை.

பரீட்சையில் அது இரண்டு மார்க். இங்கன என் அக்கா.

கை தானாக உடையுமா, யார் உடைத்தது என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஏம்மா, டீச்சர் வேலை இன்னும் கெடைக்கல, அதுக்குள்ள எங்களுக்குப் பரீட்சை வைக்கிறியா? சொல்றத எழுது" என்றார் பெஞ்சமின் மாமா.

கடலுக்குப் போக டோக்கன் வாங்கணும், கொழுந்தியா கொஞ்சம் வேகமாக எழுதினால் நல்லது என்றான் ஆன்டோ. செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எழுதினேன்.

எழுதினவர்தான் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு தாளை வாங்கிப் பார்ப்பது, எழுதினவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். உபதேசியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

எழுந்து நின்று வாசித்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. மனப்பாடம் பண்ணியே பாஸானவள் நான்.

பிள்ளை நல்லா எழுதியிருக்கு என்றார்கள்.

ஆன்டோ முதலில் போட்டான். தாளில் பார்த்தது கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும். பெஞ்சமின் மாமா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே போட்டார். மற்ற ஆறு பேரும் சாட்சிக்குப் போட்டார்கள். போட்ட கையோடு டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கடைசியில் தாள் அக்காவிடம் வந்தது.

அக்கா ப்ளஸ் டூ வரை படித்தவள். அவள் வாசித்தாள்.

'ஆன்டோ ஆகிய நான் என் மனைவி ஜெபமாலையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அவள் முகத்தைச் சுவரில் மோதினேன். தடுத்த கையை இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தேன். கீழே தள்ளி வயிற்றை மிதித்தேன். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியவளை மறுபடியும் மிதித்தேன். ஏழு மாதப் பிள்ளையைக் கொன்றேன்.'

அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அவள் வாயைத் திறந்தால் தாள் கிழிந்துவிடும், இரண்டு பேரும் செத்தோம். வாயைத் திறக்காவிட்டால், கார்பன் தாள் எங்கள் கையில், ராமநாதபுரம் பஸ் நாலு மணிக்கு. மகளிர் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பேனாவை நீட்டினேன்.

"என்ன அங்கன, எழுத்துக் கூட்டுறாளா?" என்றான் ஆன்டோ. கொட்டகையே சிரித்தது.

அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போகவில்லை. கடைசி வரிக்குப் போனாள். 'பிள்ளையை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்கு மேலே, கார்பனில் விழும்படி அழுத்தி, 'ஷெரினை' என்று எழுதினாள்.

அவள் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.