சந்தனக் கலர் சுவர்

"பெயிண்டு பூசி மூணு மாசம் முழுசா முடியல. அதுக்குள்ள செவரெல்லாம் கறை! என்ன சரக்கு விக்கிறீக அண்ணாச்சி?"

சாத்தூரில் ஜெயச்சந்திரனின் பெயிண்ட் கடையில் அப்போது ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதும் முருகம்மாள் பக்கம் திரும்பியது.

ஏழாயிரம்பண்ணையில் புதுசாக வீடு கட்டி, சந்தனக் கலரில் ஒரு வாளி வாங்கிப் போனவள். அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றவள்தான் இன்றைக்குக் கடை வாசலில் மானத்தை வாங்குகிறாள்.

"மெதுவாப் பேசும்மா. செவுத்துல ஈரம் இருந்திருக்கும். இல்லாட்டி பட்டி பார்த்தவன் ஒழுங்காப் பார்த்திருக்க மாட்டான்."

பெயிண்ட் கடைக்காரர்களுக்கு இந்த இரண்டு பதிலும் மனப்பாடம்.

"அடுத்தவுக மேல பழியப் போடாதீக. எனக்கு நட்டஈடு வேணும். இல்லேன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்!"

கோர்ட் என்றதும், கலர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த அட்டையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு நழுவினார்.

கோர்ட்டுக்குக்கூட ஜெயச்சந்திரன் பயப்படவில்லை. 'அந்தக் கடைப் பெயிண்டு கறை பிடிக்கும்' என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால், பொங்கல் வியாபாரம் அம்போ.

"சரி தாயி, அரை வாளி சும்மா தாரேன். எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"அரை வாளி யாருக்கு வேணும்? நீங்க வீட்டுக்கு வந்து, கண்ணால பார்த்து, எதுல கோளாறுன்னு சொல்லணும். ஞாயித்துக்கெழம வாங்க. கம்பெனி லீவு. எங்க வீட்டுக்காரரும் இருப்பாரு."

புருசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு வாளியோடு பூச்சுக் கூலியையும் கறக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். ஆனாலும் கடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை போனார்.

வாசலில் காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் முருகம்மாளின் புருசன் முத்துப்பாண்டி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. ஜெயச்சந்திரனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நீங்களும் உள்ள வாங்களேன்."

"வேணாங்க. நீங்க பாருங்க."

என்னமோ தப்புச் செய்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே, டி.வி.க்கு எதிர்ச் சுவரில் இருந்தது கறை. தரையிலிருந்து மூன்றடி உயரம். சாய்ந்து உட்கார்ந்த ஒரு முதுகும், அதற்கு மேலே ஒரு தலையும் சாம்பல் நிறத்தில் அச்சாகத் தெரிந்தன.

விரலால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மினுமினுத்தது. அட, அலுமினியப் பவுடர்! மத்தாப்புக்கும் பூச்சட்டிக்கும் போடுகிற சாமான். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் உடம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், வேர்வையோடு இறங்கும். இந்த வட்டாரத்தில் இது தெரியாத ஆள் உண்டா?

ஜெயச்சந்திரனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. கடைப் பெயர் பிழைத்தது!

"இந்தாம்மா, இது பெயிண்டுக் கோளாறே இல்ல. இது உன் வீட்டுக்காரரு..."

முருகம்மாள் சட்டென்று கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கடையில் அந்தக் கத்துக் கத்தியவளின் குரல் இப்போது காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

"தெரியும் அண்ணாச்சி. பதினெட்டு வருசமா அவரு சட்டையத் தொவைக்கிறவ. எனக்குத் தெரியாதா?"

"பெறகு எதுக்கும்மா கடையில அம்புட்டுக் கூப்பாடு?"

"இந்தக் கறையப் பார்த்ததுலேருந்து மனுசன் உள்ள வரமாட்டேங்காரு. 'என்னால புது வீடு பாழாப் போச்சு'ன்னு சோறும் வாசல்ல, படுக்கையும் வாசல்ல. அவரு சம்பாத்தியத்துல கட்டுன வீடு அண்ணாச்சி! பெயிண்டுக் கோளாறுன்னு நான் எம்புட்டுச் சொன்னாலும், சும்மா சமாதானத்துக்குச் சொல்றேங்காரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு நட்டஈடும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெயிண்டுலதான் கோளாறுன்னு, அவரு காதுல விழுற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கடைக்காரர் நீங்க சொன்னா நம்புவாரு. உங்கள இங்க வரவைக்கத்தான் கடையில அப்படிக் கத்துனேன்."

ஜெயச்சந்திரன் கதவை அகலத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏய்யா முத்துப்பாண்டி, என் சரக்குதான்யா மட்டம்! சாம்பக் கலர்ல நல்ல பெயிண்டு வந்திருக்கு, நாளைக்கே ஒரு வாளி அனுப்புறேன். மொத எந்திரிச்சு உள்ள வாங்க, வந்து நல்லா சாஞ்சு உக்காருங்க!"