வேப்பமரத்துக்குக் கிழக்கே ஒன்பதடி

"நூல்ல குண்டைக் கட்டி ஆட்டுனா தண்ணி வந்துருமா சாமி? பூமிக்கு அடியில நடக்குறது பிசிக்ஸ்."

மாதா கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் ராயப்பராஜ் முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு மாணவர்கள் கிடைக்காததால், பங்கு மக்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

பங்குச்சாமி பெலிக்ஸ் பித்தளைக் குண்டைத் துடைத்தபடியே சிரித்தார். "அந்தப் பூமியைப் படைச்சவரைக் கேட்டுத்தான் சார் இது ஆடுது. நத்தம் பக்கம் பதினாலு கிணறு பார்த்துக் குடுத்திருக்கேன்."

"எத்தனைல தண்ணி வந்துச்சு?"

"விசுவாசம் இருந்தவுக கிணத்துல எல்லாம்."

மே மாதத் திருவிழாவுக்குள் கோயில் வளாகத்தில் போர் போட்டாக வேண்டும். பங்கின் நிலைமைக்கு ஒரே ஒரு துளைதான் போட முடியும். ஆகவே பேரவை ஒரு முடிவுக்கு வந்தது. திங்கட்கிழமை சாமி குண்டு பிடிப்பார். செவ்வாய்க்கிழமை சார் நீரோட்டம் பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்து பார்ப்பார். அவரவர் கண்ட இடத்தைக் கவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் பிரிப்பது.

"நான் சொல்ற இடத்துல தண்ணி வரலைன்னா மீசையை எடுத்துடுறேன்" என்று ராயப்பராஜ் எழுந்து நின்று அறிவித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசை.

"யோசிச்சுப் பேசுங்க சார். முகத்துல பாக்குறதுக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள், சாமி வீட்டில் சமைக்கும் புஷ்பமேரி, டீ கொடுத்துக்கொண்டே. "நான் வேணா ஒரு எடம் சொல்லவா?"

"இது அடுப்படி சமாச்சாரம் இல்லம்மா."

"சரித்தான்" என்று டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை ராயப்பராஜ் நான்கு கம்பிகளை மண்ணில் குத்தி ஒயரை மாட்டினார். மிஷின் ஒரே இடத்தில் மூன்று தடவை மூன்று கணக்குச் சொன்னது. உச்சி வெயிலில் மண்டை காய்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. வேப்பமரத்துக்குக் கிழக்கே ஒன்பதடியில் ஒரு குச்சி அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. சாமி நேற்று குண்டு பிடித்து வைத்த அடையாளம்.

பதினாலு கிணறு என்பது நினைவுக்கு வந்தது. மீசையும் நினைவுக்கு வந்தது. முன்னவர் கண்டுபிடிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வது விஞ்ஞான மரபுதான் என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டு, கவரில் எழுதி ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கவரையும் பிரித்தார்கள். இரண்டிலும், 'வேப்பமரத்துக்குக் கிழக்கே ஒன்பதடி'.

கூட்டத்தில் பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "விசுவாசமும் விஞ்ஞானமும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள்" என்று ராயப்பராஜ் அரை மணி நேரம் பேசினார். வண்டியை ஓட்டுகிறவர் யார் என்று சாமி இன்னொரு அரை மணி நேரம் பேசினார்.

வியாழக்கிழமை குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் போர் லாரி இறங்கியது. நானூறு அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் கிளம்பியது. சாமி மெல்ல ராயப்பராஜின் காதருகே குனிந்தார்.

"சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்குக் குண்டு ஆடவே இல்ல. நீங்க முதநாளே கமுக்கமா மிஷினை வச்சுப் பார்த்துட்டு அடிச்ச குச்சின்னு நினைச்சு, அதையே எழுதிட்டேன்."

"நானா? அது நீங்க அடிச்ச குச்சி இல்லையா சாமி?"

அப்போது ஆட்டை இழுத்துக்கொண்டு புஷ்பமேரி வந்தாள்.

"ஆடு கட்ட நான் அடிச்சு வச்ச முளைக்குச்சியை யாரு புடுங்கிப் போட்டது?"

ராயப்பராஜின் கை தானாக மீசைக்குப் போனது. "அதை எதுக்கும்மா அங்க கொண்டுபோய் அடிச்ச?"

"வேற எங்க சார் அடிக்க? மாதா செலை இருக்குற கெபிக்குப் பின்னாடியெல்லாம் கோடையிலகூடச் சதசதன்னு ஊறிக்கிட்டே கெடக்கு, குச்சி நிக்க மாட்டேங்குது. இந்த வளவுலயே பொட்டுத் தண்ணி ஊறாத எடம் எதுன்னு தேடித் தேடில்ல அங்க அடிச்சு வச்சேன்."