வலக்கை கொடுத்த சோறு

“இஞ்சேரும், பானையில ஒரு ஆளின்ர சோறு ஒவ்வொரு நாளும் எங்க போகுது?” என்றார் மலாயாத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி அருளப்பு.

“வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடாதெண்டு ஆண்டவர் சொல்லியிருக்கிறார்,” என்றாள் மனைவி எலிசபெத்து.

அருளப்புக்கு வியர்த்தது. வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலே சிறை. வேலி வாசலில் காவலர் முத்தையன் எல்லாருடைய தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பார்.

மனைவி பிடிபடுவதற்குள் தானே சொல்லிவிடலாமென்று அருளப்பு வாசலுக்கு ஓடினார்.

“தம்பி, என்ர மனிசி ஆருக்கோ ஒளிச்சுச் சோறு குடுக்கிறா. இரக்கத்திலதான். அவவை விட்டிட்டு என்னைப் பிடியும்.”

முத்தையன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க லா, ஐயா! சோறு வேலிக்கு வெளிய வரக்கூடாதுன்னு சட்டம். நான் காலையிலேருந்து வேலிக்கு வெளியதானே நிக்கிறேன்? பசி தாங்காம நான்தான் அம்மாகிட்ட கேட்டேன்.”

அருளப்புக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பி நடந்தவரை முத்தையன் மறுபடியும் கூப்பிட்டார்.

“ஐயா, உங்க யாழ்ப்பாணத்துக் கொழம்புல நாக்கு எரியுது. நாளைக்குக் காரத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க.”