பச்சைப் பொத்தான்

போனைக் கையில் கொடுத்த பிறகு சித்தார்த் வாயைத் திறக்கக் கூடாது. அவனே வைத்துக்கொண்ட விதி அது.

செயலி செய்தவன் பக்கத்திலேயே நின்று ‘அதை அமுக்குங்க, இதைத் தள்ளுங்க’ என்று சொல்லிக்கொடுத்தால், அது சுலபமான செயலியா என்று கடைசிவரை தெரியாது. அதனால் பயன்படுத்துகிறவர் மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செய்தவன் எதிரே உட்கார்ந்து, திரையை எட்டிப் பார்க்காமல், அவர் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். விளக்கம் கொடுக்கக் கூடாது. குறுக்கே பேசவே கூடாது.

சிம்மக்கல்லில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் உமர் பாரூக்குக்காக அவன் செய்த செயலி இது. சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே சரக்குக்கு ஆர்டர் போடலாம். நாளை ஒப்படைக்க வேண்டும். கடைசிச் சோதனைக்கு வருவதாக இருந்த விளாங்குடிக் கடைக்காரர் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். அந்தச் செயலியைக் கண்ணால் கூடப் பார்க்காத ஆள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவன் மனைவி முத்துமீனா.

அவளோ போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனோடு பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் ஒரேயடியாக இல்லை. சோறு ஆகிவிட்டால் அதை ஃபிரிட்ஜிடம் சொல்வாள். அவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்பதையும் ஃபிரிட்ஜிடம் சொன்னபோதுதான் அவன் தெரிந்துகொண்டான். எப்போது திரும்புவாள் என்பதை அதனிடம் கூட அவள் சொல்லவில்லை.

பசுமலையில் அவளுடைய சித்தப்பா வீட்டு விருந்தில் ஆரம்பித்தது இந்தக் கோபம். அவள் ஆசையாக ஒரு கதையை ஆரம்பித்தாள். இவன் பாதியில் புகுந்து, “எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறிட்டா, அம்புட்டுத்தான்” என்று முடித்துவிட்டான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் எதை ஆரம்பித்தாலும் முடித்துவைப்பது இவன்தான். ஐயாவுக்கு அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம்.

“ஒரு ஆர்டர் போட்டாப் போதும். எங்கிட்டப் பேச வேணாம், போனப் பாத்துப் பேசுனாப் போதும்” என்று அவனும் ஃபிரிட்ஜைப் பார்த்தே கேட்டான்.

அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். ‘ஆரம்பிக்கிறோம்’ என்று தன் இன்னொரு போனிலிருந்து உமர் பாரூக்குக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தான்.

“கடை பேரு தெரியுது” என்றாள் போனிடம். “சீனி, பருப்பு, எண்ணெய்னு படம் இருக்கு. இந்தா, பச்சையா ஒண்ணு இருக்கு. இத அமுக்கணுமா என்னன்னு தெரியலயே.”

அதேதான், அதை அமுக்கு என்று அவன் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டான்.

“ஒண்ணும் வெளங்கல. தெரியாத எடத்துல எறங்குனாப்புல இருக்கு.” விரல் திரையில் மேலும் கீழும் அலைந்தது. “அன்னைக்கும் இப்படித்தான். கல்யாணமாகி வந்த புதுசு. விளாங்குடின்னு நெனச்சு ஏறுன பஸ்ஸு என்னையச் சிம்மக்கல்ல கொண்டாந்து விட்டுருச்சு. போன்ல சார்ஜும் இல்ல. ஒரு கடைக்காரரு போன வாங்கி அந்த மனுசனுக்குச் சொன்னேன்.”

அந்த மனுசன் எதிரே அசையாமல் இருந்தான். கதைதான் அவனுக்குத் தெரியுமே. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தான்.

அவள் முடிக்கவில்லை.

“வையப் போறாருன்னு பயந்துக்கிட்டே நின்னேன். சட்டைப் பட்டன மாத்திப் போட்டுக்கிட்டு வண்டில பறந்து வந்தாரு. எங்க ஏறுன, எப்படி ஏறுனன்னு ஒரு வார்த்த கேக்கல. ‘சாப்டியா’ன்னு மட்டும் கேட்டாரு. வண்டில வரையிலதான் நெனச்சேன், இந்த மனுசன்கூட எங்கிட்டுனாலும் போயிரலாம்னு.”

விரல் நின்றது. அவள் நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

“சித்தப்பா வீட்டுல அதச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். நீங்க எங்க விட்டீங்க?”

சொல்வதற்கு அவனிடம் மன்னிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் விதி விதிதானே. ஃபிரிட்ஜை விட்டுவிட்டு அவள் தன்னிடம் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் தலையை மட்டும் ஆட்டினான்.

“ஆங், இந்தா ஆர்டர் போயிருச்சு” என்று போனை அவன் கையில் வைத்துவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனாள்.

பச்சைப் பொத்தானைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. கடைக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு என்ன பாடு படுவார்களோ. ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது முதல் பக்கத்தை மாற்றிவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. உமர் பாரூக்.

“தம்பி, மாஷா அல்லாஹ்! நீங்க ஆரம்பிக்கிறோம்னு செய்தி போட்டீங்க, அடுத்த நிமிசமே ஆர்டர் வந்து விழுந்துருச்சு. சீனி ரெண்டு மூட்டை, எண்ணெய் ஒரு டின்னு. அப்பவே கூப்புட்டிருப்பேன், கடைல கூட்டம். இம்புட்டு ஈஸின்னா இனி ஒண்ணும் மாத்த வேணாம். நாளைக்கே ஆரம்பிச்சிருவோம்.”

அடுப்படியில் முத்துமீனா முதுகைக் காட்டிக்கொண்டு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

‘அப்ப பொத்தான மொதல்லயே அமுக்கிட்டியா’ என்று அவன் கேட்க வாயெடுத்தான். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

அவள் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். “என்னங்க, டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சிருச்சாமா?”

“எங்க முடிஞ்சுச்சு? இன்னும் நாலஞ்சு தடவ ஒன்னைய வச்சுப் பாக்கணும் போலயே.”

“அப்படியா? அப்ப நாளைக்கு எப்புடி ஊருக்குப் போறது?” என்று அலுத்துக்கொண்டபடி அவள் மறுபடியும் போனுக்குக் கை நீட்டினாள்.