பத்துக்கு மூணு

"வலி பத்துக்கு எவ்வளவு, சார்ஜென்ட்?" என்று கேட்டார் டாக்டர்.

"மூணு," என்றான் வென்டெல்.

கூட இருந்த மனைவி லொரெய்னுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்க மருந்தைக் கொஞ்சமாக ஏற்றினால் முன்னாள் படைவீரர்களின் தீராத வலியும் மனச்சோர்வும் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆறுக்குக் கீழே சொன்னால் சேர்க்கமாட்டார்கள்.

இருவரும் வெளியே வந்ததும், அவனோடு ஈராக்கில் இருந்த ராஸ்கோ உள்ளே போனான்.

"குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியல. இருட்டுல உக்காந்து அழற. இதுல மூணாம்! பட்டாளத்து வீறாப்பு இன்னும் போகலியா உனக்கு?" என்று லொரெய்ன் பொரிந்துதள்ளினாள்.

"மெதுவாப் பேசு. ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம். நேத்து ராஸ்கோ அவன் துப்பாக்கியை எங்கிட்ட குடுத்துட்டான். 'வீட்டுல வெச்சுக்க பயமா இருக்குடா'ன்னான்."

லொரெய்ன் டாக்டரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

ராஸ்கோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு சிரித்த முகமாக வந்தான்.

"எப்ப மருந்து ஏத்துறாங்க உனக்கு?" என்று வென்டெல் ஆவலாகக் கேட்டான்.

"எனக்கா? நான் ரெண்டுன்னு சொல்லிட்டேன்டா. நீ நல்லாகணும்ல!"

வென்டெல் இடுப்பைப் பிடித்தபடி அந்தக் கதவை நோக்கி ஓடினான். அதற்குள் கடைசி இடத்துக்கு வேறொருவரை அழைத்துப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்தவனிடம் லொரெய்ன் மெல்லக் கேட்டாள்.

"அந்தத் துப்பாக்கி... இப்ப நம்ம வீட்டுலயா இருக்கு?"