மனைவிகள் சங்கம்

நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எந்த விமானப்படைத் தளத்துக்குப் போனாலும் அதிகாரிகளின் மனைவிகளுக்கு ஒரு சங்கம் இருக்கும். வியாழக்கிழமை காலையில் காப்பி, கேக், ஊர்வம்பு. தளபதியின் மனைவிதான் தலைவி. தேர்தல் கிடையாது. கணவனின் பதவியோடு ஒட்டிக்கொண்டு வரும் பதவி அது.

இந்தத் தளத்தின் தளபதி என் மனைவி பிலிப்பா.

எங்கள் கல்யாணத்தின்போது அவள் சீருடையின் கையில் ஒரே ஒரு மெல்லிய பதவிப் பட்டை இருந்தது. இப்போது நான்கு தடித்த பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் ஊர் மாறினாள். முதல் இரண்டு ஊர்களுக்கு நானும் போனேன். இதே மாதிரி ஓர் அறையில் ஒருத்தி என்னைப் பரிமாறுகிறவன் என்று நினைத்துத் தன் கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். நானும் கொண்டுபோய் மாட்டினேன்.

அதற்குப் பிறகு ஹல் நகரத்துக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. இரவு வேலைக்காரனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. சனி, ஞாயிறு அவள் ஹல்லுக்கு வருவாள்; அப்போது மட்டும் கணவன்.

பிலிப்பா இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் தொலைபேசியில் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை வந்து பாரு, க்ளிஃப். பிடிக்கலேன்னா ஹல்லுக்கே போயிடு. அப்புறம் நான் கூப்பிடவே மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கூப்பிடவே மாட்டாள்.

வந்துவிட்டேன். வாசலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வாயைத் திறந்தேன்.

சங்கத்தின் செயலாளர் திருமதி ஆக்கண்டன், தளத்து டாக்டரின் மனைவி, கனத்த உடம்புக்காரர், ஊன்றுகோலில் சாய்ந்தபடி அறையின் கோடியில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"அது உங்க இடம். சட்டுனு உட்காருங்க. தலைவர் உட்கார்ந்தாதான் நாங்க உட்காரலாம். என் முழங்கால் போச்சு."

நான் அசையவில்லை. அந்த நாற்காலியின் மெத்தையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"வருஷம் பூரா காலியாத்தான் கெடக்கு" என்றார் அவர். "உங்க வீட்டம்மாவையே உட்காரச் சொன்னோம். 'அது என் வீட்டுக்காரர் இடம், அவர் வருவார்'னுட்டாங்க. வியாழக்கிழமை தவறாம வந்து, கேக்கை நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போவாங்க."

நான் போய் உட்கார்ந்தேன்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் உட்கார்ந்தார்கள். திருமதி ஆக்கண்டன் கடைசியாக உட்கார்ந்து, "அப்பாடா" என்றார்.